பெட்ரோல் ஹோஸ்: விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

நம் சங்கத்தில் மளிகை வணிகர் உண்டு, ஜவுளி வணிகர் உண்டு, இரும்பு, பெயிண்ட், பாத்திரம் என்று எல்லா வணிகரும் உண்டு. வாகன உதிரிபாகம் விற்பவர்கள் அவர்களில் சிலரே. ஆயினும் இந்த விஷயம் எல்லோரும் படிக்க வேண்டியது என்று கருதுகிறோம். ஏனெனில் உதிரிபாகம் விற்காத வணிகர் இருக்கலாம்; பழைய வண்டி ஒன்று இல்லாத வணிகர் வீடு குறைவு. அப்பா காலத்து அம்பாசடர் கொட்டகையில் நிற்கும். மாருதி 800 வீட்டம்மாள் கோயிலுக்குப் போக இருக்கும். கடைக்குச் சரக்கு ஏற்ற ஆம்னி ஒன்று காலையில் மார்க்கெட்டுக்கும் மாலையில் டெலிவரிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆம்னி 2019-இல் நின்றது. ஆகவே இன்று நம்மிடம் உள்ள 800-லும் அம்பாசடரிலும் மிக இளையதற்கே பத்து வயது தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றுக்கு இருபது, முப்பது ஆகிறது.

இந்த வண்டிகளுக்கு நாம் டயர் மாற்றுகிறோம், பேட்டரி மாற்றுகிறோம், ஆயில் மாற்றுகிறோம். எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டு செல்லும் விரல் தடிமன் ரப்பர் ஹோஸை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. அது ஒழுகினால்தான் நினைவுக்கு வருகிறது. ஒழுகுகிற நேரம் எப்போது என்பதுதான் பிரச்சினை. எஞ்சின் ஓடிச் சூடேறி, பம்பு பெட்ரோலை அழுத்தித் தள்ளும்போதுதான் வெடிப்பு வாய் திறக்கும்.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற மேனிஃபோல்டும் புகை வெளியேறுகிற மேனிஃபோல்டும் அதில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே. கார்புரேட்டருக்கு வரும் ஹோஸ் வாயில் கசிந்தால் சொட்டு எங்கே விழும் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. பறந்து போகாமல் கீழேயே தேங்கி நிற்கும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருந்தாலும் பற்றுகிற ஆவி அது. நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? டிஸ்ட்ரிபியூட்டரிலோ, டைனமோவிலோ, தேய்ந்த ஒயரிலோ ஒரு பொறி போதும்.

ஹோஸ் ஏன் கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம். நாங்கள் ரப்பர் சாமான் மொத்த வியாபாரம் செய்பவர்கள்; தினமும் கையாளும் சரக்கு இது. பெட்ரோல் ஹோஸின் உட்சுவர் பொதுவாக நைட்ரைல் ரப்பர். நடுவில் நூல் பின்னல். வெளிச்சுவர் வெயிலும் எண்ணெயும் தாங்கும் வேறு ரப்பர். ரப்பர் இளகுவாக இருப்பதற்கென்று அதில் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருளைப் பெட்ரோல் நாளடைவில் கரைத்து இழுத்துக்கொள்கிறது. உள்ளே பெட்ரோல் நனைந்துகொண்டே இருக்கும் வரை ஹோஸ் சற்றே ஊறி மெத்தென்று இருக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்று பெட்ரோல் வற்றிப் போனால் அதே ஹோஸ் காய்ந்த கருவேப்பிலைக் காம்பு போல் விறைத்துவிடும். அதனால்தான் ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியின் ஹோஸ் சீக்கிரம் வெடிக்கிறது. "அதிகம் ஓடாத வண்டி, ஹோஸ் புதுசு மாதிரிதான் இருக்கும்" என்று கடைக்கு வருபவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். உண்மை அதற்கு நேர் எதிர்.

கேஸ் பொருத்திய ஆம்னி வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி கேஸில் ஓடுவதால் பெட்ரோல் லைனை யாரும் பார்ப்பதில்லை. கேஸ் தீர்ந்து திடீரென்று பெட்ரோலுக்கு மாற்றும் நாளில், உலர்ந்து கிடந்த ஹோஸுக்குள் பெட்ரோல் பாய்கிறது.

இதோடு எத்தனால் விஷயமும் சேர்ந்துகொண்டது. 2022-இல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது; 2025-இல் அதுவே நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. பழைய வண்டிகளில் உள்ள ஹோஸ்கள் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய நைட்ரைல் ரப்பரைக் கூடுதலாக ஊதச் செய்கிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலேயே, சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்றும், அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீசிலேயே முடிந்துவிடும் என்றும் கூறப்பட்டது.

இதைச் சாக்காக வைத்துச் சிலர் பழைய வண்டிக்காரர்களைப் பயமுறுத்தி, "எத்தனால் செட்" என்று பெயர் சூட்டி, தேவையில்லாததையெல்லாம் தலையில் கட்டுவதையும் பார்க்கிறோம். அது வியாபாரமல்ல. வண்டி நாளைக்கே தீப்பிடித்துவிடும் என்று சொல்வதும் தவறு, ஒன்றுமே ஆகாது என்று சொல்வதும் தவறு. ரப்பருக்கு வயது உண்டு. வயதானால் மாற்ற வேண்டும். மாற்றும்போது இன்றைய பெட்ரோலுக்கு ஏற்றதைப் போட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் வருவோம். இந்தச் சரக்கு கடைகளில் எப்படி விற்பனையாகிறது? வாடிக்கையாளரோ மெக்கானிக்கின் பையனோ ஒரு துண்டு பழைய ஹோஸைக் கையில் கொண்டு வருகிறார். "இந்த அளவு, அரை மீட்டர்" என்கிறார். கடையில் இருப்பவர் உள்ளளவை மட்டும் பார்த்து, கறுப்பாக இருக்கும் ஏதோ ஒரு சுருளிலிருந்து வெட்டிக் கொடுக்கிறார். அளவு சரி. ஆனால் அந்தச் சுருள் எதற்குரியது? ரேடியேட்டர், ஹீட்டர் தண்ணீருக்கான ஹோஸ் ஈ.பி.டி.எம். என்னும் ரப்பரில் செய்யப்படுகிறது. கொதிநீருக்கு அதைப் போல் சிறந்தது இல்லை. பெட்ரோல் பட்டால் ஊதிச் சவசவத்துப் போகும். வேக்குவம் ஹோஸ் வேறு. கண்ணாடி கழுவும் தண்ணீர் டியூப் வேறு. எல்லாம் கறுப்பு, எல்லாம் ரப்பர், பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் டியூப் இன்னும் மோசம். உள்ளே பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது என்று அதை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் சில மாதத்தில் மஞ்சளாகி, கண்ணாடி போல் விறைத்து, கிளிப் போட்ட இடத்தில் உடையும்.

நல்ல பெட்ரோல் ஹோஸின் மேல் நீளவாக்கில் எழுத்து அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளர் பெயர், அளவு, தரக்குறி, தயாரித்த காலம். தரக்குறிகளில் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சிலவே. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6, ஆர்7 என்றிருப்பவை கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 என்பது இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு. எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். ஆர்10 என்பது டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கு. ஆர்14 கார்புரேட்டர் அழுத்தத்துக்குரியது, எத்தனால் கலவைக்கும் ஏற்றது, ஆவி கசிவும் குறைவு. டேங்குக்கு வெளியே போடும் ஹோஸை டேங்குக்குள் போடக் கூடாது. அதன் வெளிச்சுவர் பெட்ரோலில் ஊறுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

கார்புரேட்டர் வண்டியில் பட்டறைக்காரர்கள் ஏ.சி. பம்பு என்று சொல்லும் பம்பு தள்ளும் அழுத்தம் கால் கிலோ அளவுதான். பிற்காலத்து மாருதியிலும் ஆம்னியிலும் வந்த எம்.பி.எஃப்.ஐ. முறையில் அது ஏறத்தாழ 3 கிலோ. பத்து மடங்குக்கு மேல். ஆர்7 ஹோஸுக்கு 3.5 கிலோ வரை குறித்திருக்கிறதே, போட்டால் என்ன என்று ஒரு சில்லரை வணிகர் எங்களிடம் வாதித்தார். புது ஹோஸ் குளிர்ந்த நிலையில் தாங்குவது வேறு, மூன்று வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ஹோஸ் தாங்குவது வேறு. விளிம்பில் நிற்கும் கணக்கை வைத்து அடுத்தவர் வண்டியில் பரீட்சை செய்யலாமா? இன்ஜெக்ஷன் வண்டியில் ஹோஸ் வெடித்தால் சொட்டுவதில்லை, பீய்ச்சி அடிக்கும். ஆகவே ஹோஸ் கேட்டு வருபவரிடம், என்ன வண்டி, கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா, டேங்குக்கு உள்ளேயா வெளியேயா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

"கேள்வி கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள், விலை சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்" என்பது சில்லரை வணிகர்களின் குறை. அதில் உண்மை இல்லாமலில்லை. குறியில்லாத ஹோஸுக்கும் குறியுள்ள ஹோஸுக்கும் விலையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒரு கார்புரேட்டர் காரின் எஞ்சின் பகுதிக்குத் தேவைப்படுவது எவ்வளவு? பெரும்பாலும் ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு மீட்டர். மாருதிக்கு டேங்குக்குத் திரும்பும் லைனும் சேர்த்து இரண்டு அளவு ஹோஸ் வேண்டும். கிளிப்புகள், ஒரு சின்ன ஃபில்டர். எல்லாம் சேர்ந்தும் ஒரு தடவை டேங்க் நிரப்பும் தொகையைத் தொடாது. இதை வாடிக்கையாளரிடம் நிதானமாகச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் நல்லதைத்தான் வாங்குகிறார்கள். சொல்வதற்கு நமக்குத்தான் பொறுமையில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் ஏற்படும் சேதத்துக்குத் தயாரிப்பாளர் மட்டுமன்றி விற்பவரும் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் பொறுப்பாவார் என்று அதன் 86-ஆம் பிரிவு கூறுகிறது. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கானால் விற்றவர் பொறுப்பு. தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகச் சொல்லியிருந்து, சரக்கு அதற்கேற்றபடி இல்லாவிட்டாலும் பொறுப்பு. எழுத்தே இல்லாத மொட்டை ஹோஸை விற்கும்போது முதலாவதில் மாட்டுகிறோம். "எல்லாத்துக்கும் ஆகும் சார், தைரியமா போடுங்க" என்று சொல்லும்போது இரண்டாவதிலும் மாட்டுகிறோம். அரை மீட்டர் ஹோஸில் கிடைக்கும் லாபத்துக்கு ஒரு காரின் விலையைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கு? ஆளுக்குச் சேதம் வந்தால் அதற்குக் கணக்கே இல்லை.

மொத்த வணிகர்களான நாமும் இதில் விலகி நிற்க முடியாது. மொட்டை ஹோஸ் சில்லரைக் கடைக்கு வானத்திலிருந்து வருவதில்லை, நம் கிடங்கிலிருந்துதான் போகிறது. கொள்முதலின்போதே எழுத்தில்லாத சுருளைப் பெட்ரோல் ஹோஸ் என்று ஏற்க மறுக்க வேண்டும். பில்லில் "ரப்பர் ஹோஸ் 8 மி.மீ." என்று மட்டும் எழுதாமல் தயாரிப்பாளர் பெயரும் தரக்குறியும் எழுத வேண்டும். எங்கள் கடையில் பெட்ரோல், தண்ணீர், காற்று என்று மூன்று ஹோஸுக்கும் மூன்று தனித்தனிச் சட்டங்கள் வைத்திருக்கிறோம்; ஒன்றின் மிச்சத்தை மற்றொன்றில் மாட்டக் கூடாது என்பது கடைப் பையன்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். உதிரிபாகக் கடைகளில் ஹோஸ் சுருளை வாசலில் தோரணம் போல் தொங்க விடுகிறோம். விளம்பரத்துக்கு நல்லது, ஹோஸுக்குக் கெடுதல். வெயிலும் வெக்கையும் ரப்பரின் ஆயுளைத் தின்றுவிடும். மின்மோட்டார் ஓடும் இடத்தில் உண்டாகும் ஓசோன் இன்னும் வேகமாக வெடிக்க வைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் சரி, ஒரு சிற்றூரின் பஸ் நிலையக் கடையானாலும் சரி, வாசலில் மூன்று கோடை பார்த்த சுருளை வெட்டிக் கொடுத்தால் வாங்குபவர் காசு கொடுத்துப் பழைய ஹோஸைத்தான் வாங்கிப் போகிறார்.

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கி, எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து பார்க்கலாம். ஹோஸை இரு விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். கட்டையாக இருந்தாலும், பஞ்சு போல் தொளதொளத்தாலும் காலம் முடிந்தது. வளைத்துப் பார்த்தால் வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்புத் தெரியும். கிளிப்பின் அருகில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும் இடத்தில் ஒரு பகுதி மட்டும் கழுவி விட்டது போல் இருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். பெட்ரோல் கறையின்றி ஆவியாகிவிடும், தூசியைத்தான் துடைத்துவிட்டுப் போகும். காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஃபில்டரில் கறுப்புத் துகள்கள் சேர்ந்திருந்தால் ஹோஸின் உட்சுவர் உதிர்கிறது. அதே துகள்தான் கார்புரேட்டர் ஜெட்டை அடைத்து, நடுரோட்டில் வண்டியை நிறுத்துகிறது. டீசல் வண்டிக்காரர்களுக்குத் தீப்பயம் குறைவு. ஆனால் வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று இழுத்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை எடுக்கும்.

மாற்றும் வேலையை நல்ல பட்டறையில் கொடுங்கள். கொடுத்தாலும் அருகில் நின்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் ஆகாது. சில பட்டறைகளில் கெஸ் வெல்டிங் ஒருபுறம் நடக்க மறுபுறம் பெட்ரோல் லைனைக் கழற்றுவதைக் கண்டிருக்கிறோம். டேங்க் மூடியைத் திறந்துவிட்டால் உள்ளே கட்டியிருக்கும் அழுத்தம் இறங்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் இது போதாது. பேட்டரியைக் கழற்றும் முன்பே பம்பு ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ் என்று மாற்றினால் இடம் மாறாது. பழைய ஹோஸை முறுக்கி இழுத்தால் கார்புரேட்டரின் பித்தளை முனை ஆடிவிடும். பிளேடால் கீறி எடுப்பதே சரி. புது ஹோஸை நேராக, பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். முனையில் உள்ள மேட்டைத் தாண்டி உள்ளே ஏற்றி, கிளிப்பை அந்த மேட்டுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். பழைய கிளிப்பைத் திரும்பப் போடுவதும், கட்டுக்கம்பியால் முறுக்குவதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டையும் விட்டுவிட வேண்டும். துளை போட்ட பட்டைக் கிளிப்பை அளவு மீறி இறுக்கினால் அதுவே ரப்பரை அறுக்கும். இன்ஜெக்ஷன் ஹோஸுக்கு உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் கிளிப் தனியே உண்டு. ஃபில்டரில் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும். ஹோஸ் போய்ச் சேரும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் புது ஹோஸ் மட்டும் போட்டுப் பயனில்லை. வேலை முடிந்ததும் ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். வண்டி சூடேறிய பிறகு அணைத்துவிட்டு மறுபடி ஒரு முறை.

மாற்றிய தேதியை சர்வீஸ் புத்தகத்திலோ பானெட்டின் உட்புறத்திலோ எழுதி வைப்பது நல்லது. எங்கள் கருத்தில் பெட்ரோல் வண்டிக்கு ஐந்தாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதிகம் நிற்கிற வண்டிக்கு அதற்கும் முன்னால்.

நம் சங்கத்தின் வாகன உதிரிபாகப் பிரிவு உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, எழுத்தில்லாத ஹோஸைப் பெட்ரோலுக்கு விற்பதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தால், பக்கத்துக் கடைக்காரர் மலிவாகக் கொடுக்கிறார் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இப்போது கையிருப்பில் உள்ள மொட்டைச் சுருள்கள் என்னாவது என்று கேட்பார்கள். தண்ணீருக்கோ காற்றுக்கோ ஆகிறதென்றால் அப்படியே சீட்டு ஒட்டி விற்கலாம். வாசலில் வெயில் குடித்தவற்றை மட்டும் எடைக்குப் போடும் முன் சாண் சாணாக வெட்டிவிடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது ஒருவர் அதை எடுத்துத் துடைத்து, மறுபடியும் ஒரு கடை வாசலில் மாட்டிவிடுவார்.